தாக்கல் கம்பம்

கூவைநேரிக் குளத்துக்கு அன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த எல்லோருக்கும் பரம திருப்தி. கரையோர நடைபாதையில் மதுரைக்காரக் குடும்பம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் நின்ற கூழைக்கடாவைப் படம் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அது நகரவேயில்லை. அந்த வீட்டுப் பெண்மணி அதற்குப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சிரித்தபடி ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

"மனுசங்கன்னா பயமே இல்லையே இதுங்களுக்கு. நல்லா பழக்கி வச்சிருக்கீங்க," என்றார் கணவர்.

வழிகாட்டி மாசானம் தலையை மட்டும் ஆட்டினான். கொஞ்சம் தள்ளி வந்ததும் என்னிடம் தணிந்த குரலில் சொன்னான்: "பறக்கத் தெம்பு இல்ல மேடம். அதான் நிக்கு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் திசைக்கோபுரத் துறையில் பொறியாளர். பெயர் ஜெசிந்தா. சென்னையிலிருந்து ரயிலேறி, திருநெல்வேலியில் இறங்கி, அங்கிருந்து ஜீப் பிடித்து இத்தனை தூரம் வந்ததெல்லாம் ஒரு சுவிட்சை அணைக்க. அதற்கான சாவி ஊர்க் குளக் கமிட்டித் தலைவியிடமே இருக்கிறது. கையை நீட்டி அணைக்க வேண்டியதுதானே என்று போனிலேயே கேட்டேன். "இல்ல மேடம், நீங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க," என்று அந்த அம்மாள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

மதுரைக்காரர் எங்களோடு நடந்து வந்தார். கரையின் கோடியில் பனை உயரத்துக்கு மேல் நின்ற இரும்புக் கோபுரத்தைக் காட்டி, "அது என்னங்க, செல்போன் டவரா?" என்றார்.

"இல்ல சார், தாக்கல் கம்பம்," என்றான் மாசானம். "வீட்ல ஒரு நல்லது கெட்டதுன்னா சொந்தக்காரங்களுக்குத் தாக்கல் சொல்லி விடுவம்லா, அது மாரி. பூமியில காந்தம் இருக்குல்லா, பறவ அதப் பாத்துத்தான் வழி கண்டுபிடிக்கும். இப்ப எங்க பாத்தாலும் டவரு, கரண்டுக் காத்தாடி, ஹைவேஸ் லைட்டு. அதுகளுக்குத் தெச கொழம்பிப் போச்சு. அஞ்சாறு வருசம் எங்க குளத்துக்கு ஒண்ணுகூட வரல. அப்புறந்தான் மேடம் ஆபீஸ்ல இருந்து வந்து இத நட்டாவ. சுவிட்சப் போட்டா காந்தத்துல ஒரு சின்ன நெளிவு விழும். எங்க பறந்துட்டுக் கெடந்தாலும் இங்கன வந்து எறங்கிரும்."

"போட்டா வந்துரும், அணைச்சா போயிரும். ரிமோட் மாதிரி."

"அப்படித்தான் சார் சொல்லுதாவ," என்று மாசானம் என்னைப் பார்த்தான். நானும் அப்படித்தான் என்று தலையாட்டினேன்.

மதுரைக்காரர்கள் பார்வைக் கோபுரத்தில் ஏறப் போனார்கள். நாங்கள் நடந்தோம். நடைபாதையை நன்றாகத்தான் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பலகை, ஒவ்வொரு பலகையிலும் ஒரு பறவையின் படம். மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன். பலகைக்குப் பின்னால் குளம் என்று இருந்தது பெரும்பாலும் வெடித்த சேறு. நடுவில் ஒரு பள்ளத்தில் மட்டும் பச்சையாய்த் தண்ணீர். அதைச் சுற்றி நின்ற கருவேல மரங்களில் கிளை தெரியாமல் கூடுகள். குளத்து மரம் போதாமல் ஊருக்குள் வேம்பிலும் புளியிலும் கட்டியிருந்தன. காற்றில் எச்ச வாடை. அதோடு செத்த வாடையும் இருந்தது.

"எத்தன நாளைக்குத் தாங்கும்?" என்று கேட்டேன்.

"பள்ளம் வத்துற வரைக்கும் தான் மேடம். மரத்தச் சுத்தித் தண்ணி இருந்தாத்தான் நாய் நரி அண்டாது. மீனும் அந்தப் பள்ளத்துல தான் கெடக்கு. குஞ்சு பறக்க இன்னும் ரெண்டு மாசம் ஆவும். தண்ணி அது வரைக்கும் நிக்காது."

 நான் விடவில்லை. மழை பொய்த்த வருடம் கோபுரத்தைப் போட வேண்டாம் என்று எங்கள் துறை கார்த்திகையிலேயே சொல்லியிருந்தது. அதை மீறி ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன்.

அவன் சொன்ன காரணத்தை எந்த அலுவலகத்திலும் எழுதிக் கொடுக்க முடியாது. கூவைநேரிக்காரர்களுக்கு இந்தப் பறவைகள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வருகிற பெண்பிள்ளைகள். அவை இருக்கிற மாதங்களில் ஊரில் வேட்டு கிடையாது, கல்யாணத்துக்கு மேளம் கிடையாது. கோபுரத்தைப் போடுகிற நாளில் தலைப்பிரசவத்துக்கு மகளை அழைக்கப் போகிற மாதிரியே கட்டுச்சோறு கட்டுவார்கள். புளிச்சோறு, எலுமிச்சம்பழச் சோறு, தயிர்ச்சோறு. கோபுரத்தின் காலில் மஞ்சள் பூசிக் கண்ணாடி வளையல் கட்டுவார்கள். கமிட்டித் தலைவி உள்ளே போய்ச் சுவிட்சைப் போடுவாள், வெளியே பெண்கள் குலவை இடுவார்கள். மழை இல்லை என்று இந்த வருடம் அதை நிறுத்துவதா என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு எழுந்திருக்கிறது.

"தலைவியக்கா வேண்டாம்னுதான் சொன்னாவ மேடம். கொம்பையா மாமா எந்திரிச்சு, 'பஞ்சம்னு சொல்லி மகளக் கூப்பிடாம இருக்கது ஒன் வீட்டு வழக்கம், ஊரு வழக்கம் இல்ல'ன்னு சொல்லிட்டாரு. அதோட அக்கா வாயத் தொறக்கல."

"அது என்ன வழக்கம்?"

மாசானம் பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். தலைவி உலகம்மாளுக்கு ஒரே மகள், திருப்பூரில் கட்டிக்கொடுத்தது. தலைப்பிரசவம் வந்தது இதே மாதிரி ஒரு வறட்சி வருடத்தில். வீட்டுக்காரர் அப்போதுதான் இறந்திருந்தார். உலகம்மாள் மகளை அழைக்கப் போகவில்லை. பிள்ளை மாமியார் வீட்டிலேயே பிறந்தது. அதன் பிறகு மகள் இந்த ஊர்ப் பக்கம் வந்ததில்லை.

"பேரன அக்கா போட்டோவுல பாத்ததுதான்," என்றான்.

உலகம்மாள் குளக்கரை முடிகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். உயரமான, எலும்பு பெரிய உடம்பு. கூட்டிலிருந்து விழுந்த நாரைக் குஞ்சுகள் கொட்டகை நிறைய நின்றும் கிடந்தும் கத்திக்கொண்டிருந்தன. ஊர்ப் பெண்கள் சிலர் மீனை நறுக்கிக் கொடுக்க, அவள் ஒவ்வொரு வாயாகப் போட்டுக்கொண்டே வந்தாள். ஒரு குஞ்சு வாயைத் திறக்கவில்லை. விரலால் நெம்பித் திறந்து உள்ளே தள்ளினாள். அது அப்படியே வெளியே வழிந்தது. அதை எடுத்துத் தனியாக ஒரு சாக்கின் மேல் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

"வாங்க மேடம். சாப்பிட்டீயளா?" என்றாள் என்னைப் பார்த்து.

"அதெல்லாம் ஆச்சு. வேலைய முடிச்சிடலாமா?"

சற்றுக் கறாராகத்தான் கேட்டேன். சாக்கின் மேல் கிடந்ததைப் பார்த்த பிறகு எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. நான் செய்ய வந்தது என்ன என்று எல்லோருக்கும் தெரியும்படி சொன்னேன். கோபுரத்தை அணைத்தால் காந்த நெளிவு போய்விடும். பெரிய பறவைகள் ஓரிரு நாளில் கிளம்பித் தண்ணீர் இருக்கிற இடம் தேடிப் போகும். குஞ்சுகளும் முட்டைகளும் போனதுதான். அணைக்காவிட்டால் தாயும் பிள்ளையும் சேர்ந்தே போகும். இதில் யோசிக்க எதுவும் இல்லை.

மீன் நறுக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி அரிவாள்மனையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். மற்றவர்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். உலகம்மாள் கையைக் கழுவினாள்.

"வாங்க," என்றாள்.

கோபுரத்தடிக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஊர் பாதி கூடிவிட்டது. யாரும் சத்தம் போடவில்லை. இழவு வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்றார்கள். கோபுரத்தின் காலில் கார்த்திகையில் கட்டிய வளையல்கள் வெயிலில் சாயம் போய்க் கிடந்தன. உச்சியில் சிவப்பு விளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. உலகம்மாள் கோபுரத்தடி அறையின் கதவைத் திறந்தாள். நான் உள்ளே போனதும் அவளும் நுழைந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

இரண்டு பேர் ஒட்டி நிற்கும் அளவு அறை. கருவியை இயக்கும் பெட்டி ஒரு பக்கம், மின்சாரப் பெட்டி மறுபக்கம். வழக்கம்போல முதலில் காந்தமானியைப் பையிலிருந்து எடுத்து நீட்டிப் பார்த்தேன். முள் பூமியின் இயல்பான அளவில் நின்றது. மானிதான் மக்கர் செய்கிறது என்று தட்டினேன். திரும்பவும் அதே அளவு. மின்சாரப் பெட்டியைத் திறந்தேன். பியூஸ் கட்டை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. செம்பு முனைகளில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

கோபுரம் ஓடவில்லை. இந்தப் பருவத்தில் அது ஓடியிருக்கவே இல்லை.

நான் திரும்பினேன். உலகம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை. அதை என் கையில் வைத்தாள்.

"கார்த்திகையில நான்தான் உருவினேன்," என்றாள்.

"மேல வெளக்கு எரியுதே?"

"அது தனி லைனு. ஏரோப்ளேனுக்குப் போட்டது. அது எரிஞ்சா கம்பம் வேல செய்யுதுன்னு ஊரு நெனச்சுக்கிடும்."

எங்கள் அலுவலகத்துக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தொலைவிலிருந்து பார்க்கிற கருவி பழுதாகி வருடக்கணக்காகிறது. டெண்டர் விட்டிருக்கிறோம், விட்டுக்கொண்டே இருக்கிறோம்.

"வெளிய அத்தன பேரும் குலவ போடுதாவ. நான் உள்ள நின்னு சுவிட்சத் தட்டுத மாரி தட்டிட்டு இத உருவிட்டேன். தண்ணி இல்ல, மீனு இல்ல. கூப்பிட்டு வச்சுப் பட்டினி போடவா? கூப்பிடாம விட்டா ரெண்டு நாளு என்ன வையும், அப்புறம் வேற எடம் பாத்துப் போயிரும்னு நெனச்சேன். கொம்பையா அண்ணன் சொன்னது சரிதான். என் வீட்டு வழக்கம்தான். எம் மவளுக்கும் இதத்தான் செஞ்சேன். வீட்ல ஒரு நெல்லுமணி இல்ல மேடம். அவர் செத்து பதினாறாம் நாளு காரியம் முடிஞ்ச கையோட, அவளக் கூட்டிட்டு வந்து என்னத்தக் குடுக்க? அங்கன இருந்தா நேரத்துக்குச் சோறாவது கெடைக்கும்னு நெனச்சேன். அவ அப்படி நெனைக்கல."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அதைச் சொல்வதற்காக அவள் என்னை வரவழைக்கவில்லை என்று புரிந்தது. அவளுக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

"தை பொறந்ததும் இது வந்துட்டு. ஒண்ணு ரெண்டு இல்ல, வழக்கத்த விட மேல. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பியூசு இல்லாமலும் இந்தக் கம்பம் கூப்பிடுதோ என்னமோன்னு பயந்துதான் உங்களுக்குப் போன் போட்டேன். நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. நான் கூப்பிடல. பெறகு எதுக்கு வந்துச்சு?"

பதில் எனக்குத் தெரிந்திருந்தது.  பியூஸ் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, முந்தியெல்லாம் நாரை என்ன பண்ணும்? நாலு குளத்துக்கு மேல சுத்திப் பாக்கும். எதுல தண்ணி இருக்கோ அதுல எறங்கும். தண்ணி இல்லன்னா அந்த வருசம் கூடே கட்டாது. சரியா?"

"ஆமா. எங்க குளம் பெருகாத வருசம் வராது."

"சின்னது பெரியதோட சேந்து பறந்துதான் அதக் கத்துக்கும். இந்தக் கோபுரம் வந்து பன்னெண்டு வருசமா எதுவும் சுத்திப் பாக்கல. சொன்ன இடத்துல வந்து எறங்குனதோட சரி. பாத்துப் பழகுன பழைய பறவையெல்லாம் செத்துப் போயிருக்கும். இப்ப இருக்கிறது முழுக்க இந்தக் கோபுரத்தடியில பொரிச்சது. அதுகளுக்கு இந்த ஒரு இடம்தான் தெரியும்; காந்தம் இல்லாமலே வர்ற அளவுக்கு வழி மனப்பாடம். தண்ணி இருக்கா இல்லையான்னு பாக்கணும்கிறதே தெரியாது."

"அப்ப இனிமே கம்பம் வேண்டாம்."

"வேண்டாம். அது இல்லாமலே வரும். மழை பெஞ்சாலும் வரும், பெய்யாட்டியும் வரும். அணைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல அக்கா."

தெற்கே எத்தனை குளங்களில் இந்தக் கோபுரத்தை நட்டிருக்கிறோம் என்று நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

 நான் சொன்னதை உலகம்மாள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. பறவைகளின் புத்தி அழிந்துபோன கதையைத்தான் நான் சொன்னேன். அவள் காதில் விழுந்தது வேறு.

"கூப்பிடாமலே வந்திருக்காளுவ," என்றாள்.

வெளியே கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அணைத்தாகிவிட்டது என்று. ஊர் இரண்டு நாள் அழும். பறவைகள் போகாது, போகாததற்கு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம். அதற்குள் நான் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவேன். அவள் கார்த்திகையில் செய்தது யாருக்கும் தெரிய வேண்டாம். இதை அவளிடம் சொல்லவும் செய்தேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

"அப்ப அந்தப் பள்ளம் வத்தும்போது?"

"வத்தும்."

அவள் பியூஸ் கட்டையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு தாழைத் திறந்தாள்.

வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சுவிட்சைப் போடாதது, பியூசை உருவியது, ஊரே குலவையிட்டபோது உள்ளே பொய்யாக நின்றது. பிறகு நான் சொன்னதைத் தன் வார்த்தையில் சொன்னாள். கட்டையை எல்லோரும் பார்க்கும்படி கையில் வைத்திருந்தாள். முன்வரிசையில் நின்ற பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி வளையல் கட்டிய கோபுரக் காலையும் உலகம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கொம்பையா முன்னால் வந்தார். அறுபதை ஒட்டிய ஆள், தலையில் துண்டு. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை.

"மேடம், பெரிய பறவையும் போவாதா?"

"குஞ்சு பறக்கிற வரைக்கும் போகாது."

"இப்ப என்ன செய்யணும்?"

"பள்ளத்துல ரெண்டு மாசத்துக்குத் தண்ணி நிக்கணும். அவ்வளவுதான்."

எல்லோர் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. குளத்துக்கு மேற்கே, கம்பி வேலி போட்ட ஊருணி. ஐப்பசியில் பெய்த ஒரே மழையில் தேங்கியது. கோடை முடிகிற வரை ஊருக்குக் குடிக்க அதுதான். அதன் மடையைத் திறந்தால் தண்ணீர் நேராகப் பள்ளத்துக்கு வரும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, வாய்க்கால் கண் முன்னால் கிடந்தது.

"அது நம்ம பிள்ளையளுக்குக் குடிக்கத் தண்ணி," என்றார் கொம்பையா. "நான் இரக்கம் இல்லாம பேசல. நம்ம கூப்பிட்டு வந்திருந்தா இருக்கத வித்தாவது பாக்கணும். அத நானே சொல்லுவேன். ஆனா நம்ம கூப்பிடலல்லா. உலகம்மா கூப்பிடல. அதுவா வந்தா அதுக்கு ஊரு என்ன செய்யும்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கே அது சரியென்று பட்டது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த இரண்டு பேர் ஆமாம் என்றார்கள்.  உலகம்மாளுக்கு இனிச் சொல்ல வாய் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பதில் வந்தது கொம்பையாவின் வீட்டிலிருந்தே. அவர் மனைவி பிச்சம்மாள் கூட்டத்தின் ஓரத்தில் மீன் வாடைக் கையோடு நின்றிருந்தாள். மீன் நறுக்கும்போது பாதியில் எழுந்து போனவள் அவள்தான்.

"ஏன், தலப்பிரசவத்துக்குத்தான கூப்பிடுதது?" என்றாள். "கட்டுச்சோறும் வளையலும் அதுக்குத்தான். ரெண்டாவதுக்கு யாரு கூப்பிட வருவாவ? பையத் தூக்கிட்டு நம்மளா வந்து நிக்கதுதான. நான் மூணாவதுக்கு எங்க ஆத்தா வீட்டுக்கு அப்படித்தான் போனேன். 'ஒன்ன யாருளா கூப்பிட்டா'ன்னு ஒரு வார்த்த கேக்கல அவ. மொத தடவ கூப்பிட்டது நம்ம. வழி காட்டிக் குடுத்தது நம்ம. பன்னெண்டு வருசம் கழிச்சு வாசல்ல வந்து நிக்கும்போது, கூப்பிட்டமான்னு கணக்குப் பாக்குதீயளோ?"

கொம்பையா தலைத் துண்டை எடுத்து உதறினார். மறுபடி கட்டவில்லை, தோளில் போட்டுக்கொண்டார்.

பேச்சு சாயங்காலம் வரை போயிற்று. சண்டையும் வந்தது. 'எங்க பிள்ளைக்கு என்னத்தக் குடிக்கக் குடுக்க' என்று கைக்குழந்தைக்காரிகள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைசியில் முடிந்தது இப்படி. பாதித் தண்ணீரை ஊருணியில் நிறுத்திக்கொண்டு மீதியைத் திறந்துவிடுவது. அந்தப் பாதி ஊர் முழுவதற்கும் போதாது. அதனால் போக இடம் இருக்கிறவர்கள் மழை வரும்வரை வெளியூர் போய்விடுவது. மருமகள்கள் பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு, மற்றவர்கள் சொந்தக்காரர் வீட்டுக்கு. வயதானவர்களும் ஆடுமாடு வைத்திருக்கிறவர்களும் மட்டும் இருப்பது. லாரித் தண்ணீருக்கு நான் எழுதிப் பார்க்கிறேன் என்றேன். எழுதினேன். ஒரு லாரி வந்தது.

பங்குனிக் கடைசியில் மறுபடி போனேன். காந்தமானியோடு போய் நிற்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் போனேன். தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டிய வீட்டு வேம்பிலெல்லாம் நாரைகள் சிறகை விரித்து நின்றன. குஞ்சுகள் வளர்ந்து, கிளையை விட்டு ஒரு முழம் எழும்பி அதே கிளையில் விழுந்து பழகிக்கொண்டிருந்தன. தப்பியது பாதிக்கும் குறைவுதான் என்றான் மாசானம். கொட்டகைக்குப் பின்னால் புதைத்த இடத்தைக் காட்டினான். டிக்கெட் கவுண்டரை மூடிவிட்டார்கள். ஊரில் இல்லாதவர்கள் வீட்டு முற்றத்தில் நின்று வெளியாட்கள் படம் எடுப்பது சரியில்லை என்று கமிட்டி முடிவு செய்ததாம். என் அறிக்கையைப் படித்துவிட்டு மேலிடம் கேட்ட ஒரே கேள்வி, எதிர்காலத்தில் பறவைகளை வேறு குளத்துக்குத் திருப்புகிற மாதிரி இன்னும் சக்தி கூடிய கோபுரம் செய்ய முடியுமா என்பது. அதை நான் மாசானத்திடம் சொல்லவில்லை.

நான் திரும்பும்போது உலகம்மாள் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. திருநெல்வேலி வரை ஜீப்பில் வரச் சொன்னேன். ஏறிக்கொண்டாள்.

"ஊருல போவ எடம் இல்லாத ஆளுன்னு என்னை எழுதி வச்சிருந்தாவ," என்றாள். "ஒரு கொடம் தண்ணி எனக்குன்னு செலவாவுதுல்லா. எடம் இருக்குன்னு சொல்லிட்டேன்."

"எங்க?"

"திருப்பூரு."

வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. காற்றாடிகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"மகள் கூப்பிட்டாளா?"

"இல்ல."

"வர்றேன்னு போன் பண்ணீங்களா?"

"பண்ணுனா வேண்டாம்னு சொல்லிருவா. சொல்லிட்டான்னா போவ முடியாது." வெளியே பார்த்தபடியே சொன்னாள். "கூப்பிடாம வந்த கழுதைய நான் என்ன, வெரட்டியா விட்டேன்?"

கதவைத் திறக்காவிட்டால் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவளே சொன்னாள்.

"வாசல்ல நிக்க வச்சா நிக்கேன் மேடம். பேரன் பள்ளியூடம் விட்டு அந்த வழியாத்தான வரணும்."

திருப்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினேன். பஸ் கிளம்ப நேரமாயிற்று. அதுவரை நான் ஜன்னலுக்குக் கீழே நின்றேன்; அவள் மடியிலிருந்த பையைக் கீழே வைக்கவேயில்லை.